முதன்மைத் தேர்தல் இழுத்துக்கொண்டே போனால் கட்சி தோற்றுவிடுமா?

2008 மார்ச் 4ஆம் தேதி இரவோடு அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் என்பது முடிவாகிவிட்டது. அதே இரவில் ஓஹையோ, டெக்சஸ் மாநிலங்களின் முதன்மைத் தேர்தலில் ஹிலாரி கிளின்டன் வென்றார். ஜனநாயகக் கட்சியின் போட்டி இன்னும் மூன்று மாதம் நீண்டது. மெக்கெய்ன் நவம்பர் தேர்தலுக்கான வேலையைத் தொடங்கிவிட, பராக் ஒபாமாவும் கிளின்டனும் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொண்டிருந்தார்கள். கட்சிக்குள்ளேயே புலம்பல் எழுந்தது. கிளின்டன் விலகிக்கொள்ள வேண்டும் என்று செனட்டர் பேட்ரிக் லேகி மார்ச் மாதக் கடைசியில் வெளிப்படையாகவே சொன்னார். கிளின்டன் விலகவில்லை. ஜூன் வரை போட்டி நடந்தது. நவம்பரில் ஒபாமா 365 தேர்வாளர் வாக்குகளும் (அதிபரை முடிவு செய்யும் மாநிலவாரி வாக்குகள்) மெக்கெய்ன் 173ம் பெற்றார்கள்.

அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன், அதே கட்சியில், பதவியில் இருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து எட்வர்டு கென்னடி களமிறங்கினார். அந்தப் போட்டியும் மாநாடு வரை நீண்டது. நவம்பரில் கார்ட்டருக்குக் கிடைத்தவை 49 தேர்வாளர் வாக்குகள் மட்டுமே. ரொனால்ட் ரீகனுக்கு 489.

இரண்டும் நீண்ட சண்டைகள்தான். ஒன்றின் முடிவில் பெருவெற்றி, மற்றதின் முடிவில் பெருந்தோல்வி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, "சண்டை நீண்டால் கட்சி அழியும்" என்று ஒரு தரப்பும், "போட்டி வேட்பாளரைப் பக்குவப்படுத்தும்" என்று இன்னொரு தரப்பும் இந்த இரண்டு ஆண்டுகளையும் மாறி மாறி மேற்கோள் காட்டுகின்றன. போட்டி எத்தனை மாதம் நடந்தது என்று எண்ணுவதால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்பது என் கருத்து. அது ஏன் நீண்டது, எப்படி முடிந்தது என்ற இரண்டையும் பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

## முதலில் சில அடிப்படைச் சொற்கள்

தமிழ்நாட்டில் ஒரு கட்சியின் வேட்பாளராக வேண்டுமென்றால் விருப்ப மனு கொடுக்க வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும், பிறகு தலைமை பட்டியலை அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். சீட் கொடுப்பதும் மறுப்பதும் தலைமையின் கையில். அமெரிக்காவில் அந்த அதிகாரம் வாக்காளர்களிடம் போய்விட்டது. எனவே நாம் அறைக்குள் நடக்கும் பேரமாகப் பார்த்துப் பழகிய ஒன்று, அங்கே மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் நடக்கிறது.

1. முதன்மைத் தேர்தல் (பிரைமரி): ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய மாநிலந்தோறும் நடக்கும் வாக்கெடுப்பு. சில மாநிலங்களில் அந்தக் கட்சியின் ஆதரவாளராகப் பதிவு செய்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். வேறு சிலவற்றில் யாரும் வாக்களிக்கலாம். எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் வரை வரிசையாக நடக்கும்.

2. காக்கஸ்: வாக்குச்சீட்டுக்குப் பதிலாக, குறிப்பிட்ட நேரத்தில் ஓர் இடத்தில் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கும் முறை. அயோவா மாநிலம் இதற்குப் பெயர் பெற்றது.

3. டெலிகேட்: ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதி. மொத்த டெலிகேட்டுகளில் பாதிக்கு மேல் பெறுபவரே வேட்பாளர்.

4. தேசிய மாநாடு: கோடையில் நான்கு நாள் நடக்கும் கூட்டம். வேட்பாளரை முறைப்படி அறிவிப்பது இங்கேதான்.

5. சூப்பர் டெலிகேட்: ஜனநாயகக் கட்சியில் மட்டும் உள்ள பிரிவு. எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோர் மக்கள் வாக்குக்குக் கட்டுப்படாமல் தம் விருப்பப்படி வாக்களித்தார்கள். 2008இல் இவர்கள் மொத்த டெலிகேட்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2018இல் விதி மாற்றப்பட்டது. போட்டி இருக்கும்போது மாநாட்டு வாக்கெடுப்பின் முதல் சுற்றில் இவர்கள் இப்போது வாக்களிக்க முடியாது.

இந்த ஏற்பாடு பழமையானதல்ல. 1968 வரை பெரும்பாலான டெலிகேட்டுகள் கட்சித் தலைவர்களின் கைக்குள்தான் இருந்தார்கள். அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம். இன்றைய முதன்மைத் தேர்தல் முறையே அந்த ஆண்டின் காயத்திலிருந்து பிறந்தது.

## போட்டி ஏன் நீள்கிறது: பகையா, கணக்கா?

போட்டி முடியாமல் இழுத்தால், இருவருக்கும் ஆகாது, கட்சி இரண்டாகப் பிளந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். பல நேரம் காரணம் வெறும் கணக்குதான்.

ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்டுகளை வாக்கு விகிதப்படி பிரிக்கிறார்கள். 15 சதவிகிதத்துக்குக் குறையாமல் பெற்ற ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 60 சதவிகிதம், மற்றவர் 40 சதவிகிதம் பெறுகிறார். பொதுத்தேர்தலில் அது அமோக வெற்றி. டெலிகேட் கணக்கிலோ 2.4, 1.6 என்று வந்து, முழு எண்ணாக்கினால் ஆளுக்கு 2! மூன்றாவது டெலிகேட்டைப் பெற 62.5 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டும். முன்னால் போனவரைப் பின்னால் இருப்பவர் பிடிப்பது எவ்வளவு கடினமோ, முன்னால் போனவர் போட்டியை முடித்துவைப்பதும் அவ்வளவு கடினம்.

2008 பிப்ரவரி 5ஆம் தேதி, ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் வாக்களித்த 'சூப்பர் செவ்வாய்' அன்று, பெரிய மாநிலமான நியூஜெர்சியில் கிளின்டன் வென்றார். அதனால் ஒபாமாவைவிட அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தவை 11 டெலிகேட்டுகள். மக்கள் தொகை மிகக் குறைந்த ஐடஹோவின் காக்கஸில் ஒபாமா பெரும் வித்தியாசத்தில் வென்றார். அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தவை 12. செய்தியில் நியூஜெர்சி பெரிதாக வந்தது. கணக்கில் ஐடஹோ அதைச் சமன் செய்துவிட்டது. டெக்சஸில் அதைவிட விசித்திரம். அங்கே முதன்மைத் தேர்தலும் காக்கஸும் சேர்ந்தே நடந்தன. மக்கள் வாக்கில் வென்றவர் கிளின்டன். அதிக டெலிகேட்டுகளோடு வெளியே வந்தவர் ஒபாமா.

குடியரசுக் கட்சியில் பல மாநிலங்கள், முதலிடம் பெற்றவருக்கே எல்லா டெலிகேட்டுகளையும் கொடுத்துவிடுகின்றன. 2016இல் தென் கரோலினாவில் டொனால்ட் டிரம்ப் பெற்றது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்குதான். அங்கிருந்த 50 டெலிகேட்டுகளும் அவருக்கே போயின. அவருக்கு எதிரான வாக்குகள் பலராகச் சிதறிக் கிடந்ததால் அது சாத்தியமானது.

ஆகவே போட்டி நீண்டிருப்பதை மட்டும் வைத்துக் கட்சியின் ஒற்றுமையை அளக்க முடியாது. மே மாதமும் போட்டி நடக்கிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது: இந்தக் கட்சியின் விதி போட்டியை வேகமாக முடிக்கும் விதியா, இழுக்கும் விதியா?

## கெடுதல் என்பவர்களின் வாதம்

இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மூன்று வழிகளில் உண்மையான சேதம் நேரலாம்.

1. எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பது. 1988 ஏப்ரலில், நியூயார்க் முதன்மைத் தேர்தலுக்கு முந்தைய விவாதத்தில், மசாசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸிடம் அல் கோர் ஒரு கேள்வி எழுப்பினார். அந்த மாநிலத்தில் ஆயுள் கைதிகளுக்கும் வார இறுதி விடுப்பு கொடுக்கும் திட்டம் பற்றியது அது. கோர் அந்தப் போட்டியில் தோற்றார். கேள்வி மட்டும் தங்கிவிட்டது. ஜார்ஜ் புஷ்ஷின் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி விடுப்பில் போய்க் கொடுங்குற்றம் செய்த ஒரு கைதியின் பெயரும் படமும் நாடெங்கும் விளம்பரமாயின. மாநாடு முடிந்த கையோடு கருத்துக் கணிப்பில் 17 புள்ளிகள் முன்னால் இருந்த டுகாக்கிஸ், நவம்பரில் 426க்கு 111 என்று தோற்றார். தோல்விக்கு அது ஒன்றே காரணமல்ல. ஆனாலும் சொந்தக் கட்சிக்காரர் தொடங்கிவைத்த தாக்குதல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

2. பணமும் நாட்களும் கரைவது. வெளியே அதிகம் பேசப்படாத சட்டச் சிக்கல் ஒன்று இதில் உண்டு. அமெரிக்கச் சட்டம் முதன்மைத் தேர்தலையும் பொதுத்தேர்தலையும் தனித்தனித் தேர்தல்களாகக் கருதுகிறது. ஒரு நன்கொடையாளர் ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்புக்குள் கொடுக்கலாம். பொதுத்தேர்தலுக்கென்று வாங்கிய பணத்தை, மாநாட்டில் முறைப்படி வேட்பாளராகும் வரை தொட முடியாது. 2012இல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி இதில்தான் மாட்டினார். கட்சிக்குள் அவரை எதிர்த்த ரிக் சான்டோரம் ஏப்ரல் 10ஆம் தேதிதான் விலகினார். அதற்குள் ராம்னியின் முதன்மைத் தேர்தல் கஜானா வற்றிவிட்டது; பொதுத்தேர்தல் பணமோ ஆகஸ்ட் கடைசி வரை பூட்டியே கிடந்தது. அந்த இடைவெளியில் ஒபாமா தரப்பு, ராம்னி நடத்திய பெயின் கேப்பிடல் நிறுவனத்தைக் காட்டி, தொழிற்சாலைகளை மூடி லாபம் பார்த்தவர் என்று விளம்பரங்களைக் கொட்டியது. பதில் சொல்லப் பணமில்லாமல் ராம்னி தரப்பு 2 கோடி டாலர் கடன் வாங்கியது. அந்தக் குற்றச்சாட்டைத் தேர்தல் களத்தில் முதலில் உரக்கச் சொன்னவர்கள் ஜனவரியில் இன்னொரு உட்கட்சிப் போட்டியாளரான நியூட் கிங்ரிச்சின் ஆதரவாளர்கள். முதல் சேதமும் இரண்டாவது சேதமும் இங்கே கைகோத்துக்கொண்டன.

3. தோற்றவரின் ஆட்கள் வராமல் போவது. ஆறு மாதம் ஒருவருக்காக வீடு வீடாகப் போனவர், அவரைத் தோற்கடித்தவருக்காக உடனே வேலை செய்வாரா? சிலர் வீட்டிலேயே இருந்துவிடலாம், சிலர் எதிர்க்கட்சிக்கே வாக்களிக்கலாம். செய்தியாளர்கள் அதிகம் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். எண்களைப் பார்த்தால் இந்த மூன்றாவது வாதம்தான் தடுமாறுகிறது.

## வாக்குகள் உண்மையில் எங்கே போயின?

வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் எடுக்கும் கணிப்பு, தன்னை ஜனநாயகக் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொள்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்தார்கள் என்று காட்டும்.

2004இல் ஜான் கெர்ரி மார்ச் தொடக்கத்திலேயே போட்டியை முடித்துவிட்டார். சுருக்கமான, அமைதியான முதன்மைத் தேர்தல். நவம்பரில் கட்சிக்காரர்களில் 89 சதவிகிதம் பேர் அவருக்கு வாக்களித்தார்கள்.

2008இல் ஜூன் வரை கடும் போட்டி. நவம்பரில் ஒபாமாவுக்கு வாக்களித்த கட்சிக்காரர்கள்: 89 சதவிகிதம்.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கிளின்டனின் ஆதரவாளர்களில் பலர் மெக்கெய்னுக்குப் போனது உண்மை. அப்படிப் போனவர்களின் விகிதம், 2016இல் முதன்மைத் தேர்தலில் கிளின்டனிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸிடமிருந்து டிரம்ப்புக்குப் போனவர்களின் விகிதத்தைவிட அதிகம் என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. சாண்டர்ஸ் ஆதரவாளர்களில் அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். எந்தத் தேர்தலிலும் ஒரு கட்சிக்காரர்களில் பத்தில் ஒருவர் கட்சி மாறி வாக்களிப்பது வழக்கமாக இருக்கிறது. முதன்மைத் தேர்தலில் ஏதோ ஒரு பக்கம் வாக்களித்தவர்கள்தான் அவர்கள் என்பதால், போட்டி அவர்களை விரட்டிவிட்டது போலத் தோன்றுகிறது. போட்டியே இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் போயிருப்பார்கள்.

1980இல் நிலைமை வேறு. கார்ட்டருக்கு வாக்களித்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மூன்றில் இரண்டு பங்கினர்தான். கட்சியின் அடித்தளமே ஆட்டம் கண்டிருந்தது. அதைச் செய்தது கென்னடியின் போட்டியா?

## காய்ச்சலா, நோயா?

கார்ட்டர் அந்த ஆண்டில் எதை எதிர்கொண்டிருந்தார் என்று பாருங்கள். பணவீக்கம் இரட்டை இலக்கத்தில். கடன் வாங்கப் போனால் எட்ட முடியாத வட்டி. 1979 நவம்பர் 4 முதல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். மொத்தம் 444 நாள். மீட்கப் போன ஹெலிகாப்டர்கள் ஏப்ரலில் ஈரான் பாலைவனத்திலேயே தோல்வியில் முடிந்தன. இவ்வளவு பலவீனமாக இருந்ததால்தான் கென்னடி துணிந்து போட்டியிட்டார். பலமான அதிபரை யாரும் சொந்தக் கட்சியிலிருந்து எதிர்ப்பதில்லை.

பதவியில் இருந்து, கட்சிக்குள் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அதிபர்களின் வரிசை இப்படி இருக்கிறது:

- 1968: லிண்டன் ஜான்சன். வியட்நாம் போர். நியூஹாம்ப்ஷயரில் யூஜின் மெக்கார்த்தி 42 சதவிகிதம் வாங்கிய சில வாரங்களில் ஜான்சன் போட்டியிலிருந்தே விலகினார்.
- 1976: ஜெரால்ட் ஃபோர்டு. வாட்டர்கேட் ஊழலில் பதவி விலகிய முன்னாள் அதிபர் நிக்சனுக்கு வழங்கிய மன்னிப்பின் கறை. ரீகனை மாநாட்டில் 1187க்கு 1070 என்று மயிரிழையில் வென்றார். நவம்பரில் தோற்றார்.
- 1980: கார்ட்டர்.
- 1992: ஜார்ஜ் புஷ். பொருளாதார மந்தம். நியூஹாம்ப்ஷயரில் பேட் புக்கானன் 37 சதவிகிதம் எடுத்தார். நவம்பரில் புஷ் தோற்றார்.

பட்டியலைப் பார்த்தவுடன் "கட்சிக்குள் எதிர்ப்பு வந்தால் அதிபர் தோற்பார்" என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த எதிர்ப்பு காய்ச்சலைப் போன்றது. நோய் உள்ளே இருந்ததால் உடம்பு சுட்டது. போர், விலைவாசி, ஊழல் ஆகியவை ஒரே நேரத்தில் இரண்டு விளைவுகளை உண்டாக்கின: கட்சிக்குள் போட்டியாளர் கிளம்பினார், நவம்பரில் மக்களும் கைவிட்டார்கள். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்ல இந்தப் பட்டியல் போதாது.

ஃபோர்டின் கதை இங்கே கூடுதல் கவனத்துக்கு உரியது. அந்தக் கோடையில் அவர் கருத்துக் கணிப்புகளில் கார்ட்டரைவிட ஏறக்குறைய 30 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். ஆகஸ்ட் மாதம் கன்சாஸ் சிட்டி மாநாட்டில் கடைசி நிமிடம் வரை டெலிகேட்டுகளை ஒவ்வொருவராக எண்ண வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நவம்பருக்குள் அந்த இடைவெளியை இரண்டு புள்ளிகளாகச் சுருக்கினார். மாநாட்டுச் சண்டை உயிர்போகும் காயமாக இருந்திருந்தால் இந்த எழுச்சி நடந்திருக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. 2000இல் அல் கோர் எல்லா முதன்மைத் தேர்தல்களிலும் வென்றார். அவரை எதிர்த்த பில் பிராட்லி மார்ச் மாதமே விலகினார். கெர்ரியும் மார்ச்சிலேயே முடித்தார். இருவரும் அதிபராகவில்லை. சுருக்கமாக முடித்ததற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

## காரணத்தைப் பிரித்தெடுக்க முடியுமா?

அதிபர் தேர்தல்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஐந்தாறு உதாரணங்களை வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது. அதனால் ஆய்வாளர்கள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தல்களுக்குப் போனார்கள்.

டெக்சஸ், ஜார்ஜியா, அலபாமா போன்ற மாநிலங்களில், முதன்மைத் தேர்தலில் யாரும் 50 சதவிகிதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் இடையே இரண்டாவது சுற்று நடக்கும். ஒரு தொகுதியில் முதலிடம் பெற்றவர் 50.5 சதவிகிதம் வாங்குகிறார். போட்டி அங்கேயே முடிந்துவிடுகிறது. பக்கத்துத் தொகுதியில் இன்னொருவர் 49.5 சதவிகிதம் வாங்குகிறார். போட்டி இன்னும் பல வாரம் நீள்கிறது. இரு தொகுதிகளுக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. தற்செயலால் ஒன்றில் சண்டை நீண்டது, ஒன்றில் நீளவில்லை. இரு வகைத் தொகுதிகளிலும் கட்சி பொதுத்தேர்தலில் எப்படிச் செய்தது என்று ஒப்பிட்டால், நோயையும் காய்ச்சலையும் ஓரளவு பிரிக்கலாம்.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றில், காங்கிரஸ் தேர்தல்களில் இரண்டாவது சுற்றுக்குப் போன கட்சிக்குப் பொதுத்தேர்தலில் தெளிவான இழப்பு தெரிந்தது. மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களில் அதே இழப்பு தெரியவில்லை. வாக்காளர் வேட்பாளரைப் பற்றி ஏற்கெனவே நிறைய அறிந்திருக்கும் தேர்தலில் நீண்ட சண்டை கறையைத்தான் சேர்க்கிறது. பெயரே தெரியாத சட்டமன்ற வேட்பாளருக்கோ, பெயர் காதில் விழுவதே லாபமாகிவிடுகிறது.

எனவே "நீளத்தால் கெடுதலே இல்லை" என்று முடித்துவிட முடியாது. சேதம் உண்டு. அதிபர் தேர்தலில் அந்தச் சேதத்தை ஈடுகட்டும் வேறு சில இருக்கின்றன. 2008 அதைத்தான் காட்டியது.

## 2008இல் நீண்ட போட்டி என்ன கொடுத்தது?

ஆள் சேர்ந்தது. அந்த முறை ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தல்களில் 3.5 கோடிக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். பென்சில்வேனியாவில் கட்சி ஆதரவாளராகப் பதிவு செய்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். ஏப்ரல் 22 தேர்தலுக்கு முன் பதிவு செய்யக் கூட்டம் திரண்டதில், அங்கே பதிவுபெற்ற ஜனநாயகக் கட்சியினரின் எண்ணிக்கை முதல்முறையாக 40 லட்சத்தைத் தாண்டியது. மார்ச்சிலேயே போட்டி முடிந்திருந்தால் இவர்களைத் தேடிப் போக யாருக்கும் வேலை இருந்திருக்காது.

மறந்துபோன மாநிலங்களில் கிளை முளைத்தது. இண்டியானாவின் முதன்மைத் தேர்தல் மே மாதம். வழக்கமாக அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தே படுப்பதில்லை. 1964க்குப் பிறகு அந்த மாநிலத்தில் அவர்கள் வென்றதும் இல்லை. 2004இல் இளைய புஷ் அங்கே 20 புள்ளிகளுக்கு மேல் வென்றிருந்தார். 2008 மே மாதம் ஒபாமாவும் கிளின்டனும் அங்கே அலுவலகம் திறந்து, தொண்டர் படை திரட்டி, ஊர் ஊராகப் போனார்கள். முதன்மைத் தேர்தலில் ஒபாமா நூலிழையில் தோற்றார். தொண்டர்களின் பட்டியல் அவர் கையிலேயே இருந்தது. நவம்பரில் ஏறக்குறைய 28,000 வாக்குகளில் இண்டியானாவை வென்றார். அதே மே 6ஆம் தேதி முதன்மைத் தேர்தல் நடந்த வட கரோலினாவையும் 14,000 சொச்சம் வாக்குகளில் வென்றார். 1976க்குப் பிறகு அங்கே கட்சிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து பொருளாதாரம் சரிந்ததும் காரணம்தான், அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இவ்வளவு சிறிய வித்தியாசத்தை, வசந்த காலத்தில் கட்டிய அமைப்பு இல்லாமல் எட்டியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

பணம் வற்றவில்லை, ஊறியது. ராம்னிக்கு நேர்ந்ததற்கு நேர்மாறு. ஒவ்வொரு மாநிலத் தேர்தலும் சிறு தொகை கொடுக்கும் புதிய நன்கொடையாளர்களைக் கொண்டுவந்தது. அந்தப் பலத்தில், ஜூன் 19ஆம் தேதி, அரசு தரும் தேர்தல் நிதியை வேண்டாம் என்றார் ஒபாமா. பொதுத்தேர்தலில் அப்படி மறுத்த முதல் பெரிய கட்சி வேட்பாளர் அவர். மெக்கெய்ன் அரசு நிதியை ஏற்றார். அதனால் அவர் 8.4 கோடி டாலர் வரம்புக்குள் கட்டுப்பட்டார்.

பழைய குற்றச்சாட்டுகள் சீக்கிரமே வெடித்து ஓய்ந்தன. ஒபாமாவின் தேவாலயப் போதகர் ஜெரமையா ரைட் பேசிய காணொளிகள் மார்ச்சில் வெளிவந்தன. மார்ச் 18ஆம் தேதி பிலடெல்பியாவில் நிறவெறி பற்றி ஒபாமா நீண்ட உரை நிகழ்த்தி அதை எதிர்கொண்டார். அக்டோபரில் அது பழைய கதை. இதே காணொளிகள் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு முதல்முறையாக வந்திருந்தால்? டுகாக்கிஸுக்குத் தாக்குதல் ஆயுதமானது, ஒபாமாவுக்கு அது தடுப்பூசியானது. டுகாக்கிஸ் அந்தத் தாக்குதலை முழுமையாக எதிர்கொள்ளாமல் கடந்துபோகவிட்டார். ஒபாமா அப்போதே எழுந்து நின்று பதில் சொன்னார் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

கட்சிக்குள் தாக்கிக்கொண்டவர்கள் மீண்டும் சேர முடியாது என்பதும் உண்மையல்ல. 1980இல் ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை 'பில்லிசூனியப் பொருளாதாரம்' என்ற பொருளில் ஏளனம் செய்த புஷ்ஷே அவருடைய துணை அதிபர் ஆனார். 2019 ஜூன் விவாத மேடையில் ஜோ பைடனை, கறுப்பின, வெள்ளையின மாணவர்களை ஒரே பள்ளியில் சேர்க்க ஓட்டிய பள்ளிப் பேருந்துகள் பற்றிய பழைய நிலைப்பாட்டுக்காக நேருக்கு நேர் தாக்கியவர் கமலா ஹாரிஸ், நம் துளசேந்திரபுரத்து வேர் கொண்டவர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பைடன் அவரையே துணை அதிபர் வேட்பாளராக்கினார். 2024 ஜூலை 21இல் பைடன் விலகியபோது ஹாரிஸ் முதன்மைத் தேர்தலே இல்லாமல் வேட்பாளரானார். 312க்கு 226 என்று தோற்றார். உட்கட்சிச் சண்டை சிறிதும் இல்லாமல் வருவதும் ஒரு குறைதான்: வாக்காளருக்கு அறிமுகமாகவும், தாக்குதல்களைத் தாங்கிப் பழகவும் அவருக்குக் கிடைத்த காலம் மூன்றரை மாதம்.

## முடியும் விதம்

மிச்சமிருக்கும் கேள்வி இதுதான்: தோற்றவர், தான் நியாயமாகத் தோற்றதாக ஒப்புக்கொள்கிறாரா? அதை எப்போது ஒப்புக்கொள்கிறார்?

1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு முதன்மைத் தேர்தலில்கூடப் போட்டியிடவில்லை. போர் எதிர்ப்பாளர்களின் வாக்கைப் பெற்ற ராபர்ட் கென்னடி ஜூனில் சுடப்பட்டு இறந்தார். கட்சித் தலைவர்களின் டெலிகேட்டுகளை வைத்து ஆகஸ்டில் ஹம்ஃப்ரி வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டு அரங்குக்கு வெளியே தெருவில் இளைஞர்களைக் காவல்துறை அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தோற்ற தரப்புக்கு விதிகளின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. நிக்சன் 43.4 சதவிகிதம், ஹம்ஃப்ரி 42.7 சதவிகிதம் என்று முடிவு வந்தது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில், வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. அதன் பிறகுதான் கட்சி ஓர் ஆணையம் அமைத்து, தேர்வை வாக்காளர்களிடம் ஒப்படைத்தது.

1980இல் ஜூன் 3ஆம் தேதி கடைசி முதன்மைத் தேர்தல்கள் முடிந்தபோது கார்ட்டரிடம் போதுமான டெலிகேட்டுகள் இருந்தன. கென்னடி விலகவில்லை. டெலிகேட்டுகளை வாக்குறுதியிலிருந்து விடுவிக்க விதியை மாற்றுங்கள் என்று மாநாடு வரை போராடினார். அது தோற்ற பிறகும், கடைசி நாள் மேடையில் கார்ட்டரோடு கையை உயர்த்தி நிற்கும் அந்தப் படம், எல்லாரும் எதிர்பார்த்த படம், கிடைக்கவில்லை. ஆகஸ்ட் நடுவில் அது நடந்தது. காயம் ஆற இரண்டரை மாதம்தான் இருந்தது.

2016இல் சாண்டர்ஸ், முடிவு தெரிந்து ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு, ஜூலை 12இல் கிளின்டனை ஆதரித்தார். பத்து நாளில், கட்சியின் தேசியக் குழு நிர்வாகிகளின் மின்னஞ்சல்கள் விக்கிலீக்ஸில் வெளியாயின. நிர்வாகிகளில் சிலர் கிளின்டன் பக்கம் சாய்ந்திருந்ததை அவை காட்டின. கட்சித் தலைவர் பதவி விலக நேர்ந்தது. "ஆட்டமே நியாயமாக நடக்கவில்லை" என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்றிலும் சேர்த்து 78,000க்கும் குறைவான வாக்குகளில் கிளின்டன் தோற்றார். முதல் இரண்டிலும் முதன்மைத் தேர்தலில் வென்றிருந்தவர் சாண்டர்ஸ். இந்த இழப்பைப் போட்டியின் நீளத்தின் மீது போடுவதைவிட, நடுவர்கள் மீது போன நம்பிக்கையின் மீது போடுவது சரி என்பேன். எதிர்த்தரப்பில் 17 பேர் மோதிய போட்டி மே வரை நடந்தது. அதில் தோற்ற டெட் குரூஸ் மாநாட்டு மேடையில் ஏறியும் டிரம்ப்பை ஆதரிக்க மறுத்தார். அப்படியிருந்தும் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் டிரம்ப்புக்கே வாக்களித்தார்கள். மற்ற பதினாறு பேரும் தோற்றதற்கு விதியைக் குறை சொல்ல யாரிடமும் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

2008இல் கடைசி முதன்மைத் தேர்தல்கள் ஜூன் 3. அதற்குச் சில நாட்கள் முன்பு, மே 31இல், கட்சி அனுமதித்த தேதிக்கு முன்பே முதன்மைத் தேர்தல் நடத்தியதால் தண்டிக்கப்பட்ட ஃபுளோரிடா, மிச்சிகன் டெலிகேட்டுகளுக்கு அரை வாக்கு என்று கட்சிக் குழு பகிரங்கமாக விவாதித்து முடிவெடுத்தது. கிளின்டன் ஆதரவாளர்கள் அந்த அரங்கிலேயே கத்தினார்கள். ஆனாலும் கடைசித் தேர்தல்கள் முடிந்து நான்கு நாள் கழித்து, ஜூன் 7ஆம் தேதி, கிளின்டன் மேடையேறி விலகினார். ஒபாமாவுக்கு உழைக்கும்படி தன் ஆட்களைக் கேட்டுக்கொண்டார். நவம்பருக்கு ஐந்து மாதம் இருந்தது. ஜூன் 27ஆம் தேதி இருவரும் சேர்ந்து முதல் பிரசாரக் கூட்டத்துக்கு நியூஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரின் பெயர் யூனிட்டி. ஒற்றுமை என்று பொருள். ஜனவரியில் நடந்த முதன்மைத் தேர்தலில் அந்த ஊரில் ஒபாமாவுக்கு விழுந்த வாக்குகள் 107. கிளின்டனுக்கும் 107.